கழிவுப் பவுசரின் வால்வு ஒழுகினால் என்ன செய்யலாம்?

மலசலகூடக் குழி நிரம்பியதும் நாம் எதிர்பார்த்திருப்பது கழிவகற்றும் பவுசரை. கல்லி பவுசர் என்றும் இதனைச் சொல்வர். உழவு இயந்திரத்தின் பின்னால் இழுக்கப்படும் ஓர் இரும்புத் தாங்கி, காற்றை உறிஞ்சும் ஒரு பம்பி, தடித்த ஒரு குழாய், பின்பக்கத்தில் ஒரு வால்வு ஆகியவையே இதன் முக்கிய பாகங்கள். குழியில் உள்ளதை உறிஞ்சி எடுத்து, அதற்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் கொண்டுபோய் வெளியேற்றுவது இதன் வேலை.

ஊரைச் சுத்தமாக்க வரும் இந்தப் பவுசரின் பின்வால்வு ஒழுகத் தொடங்கினால், குழிக்குள் அடங்கிக் கிடந்த கழிவு எமது ஒழுங்கையிலும் கிணற்றடியிலும் பிள்ளைகள் விளையாடும் இடத்திலும் சிந்துகிறது. ஒழுகும் வால்வைக் கண்டதும் "வால்வு பழுது, புதிது வாங்க வேண்டும், அதற்குப் பணம் இல்லை" என்று சொல்லி விட்டுவிடுவதே வழக்கமாக உள்ளது. ஆனால் ஒழுகுகின்ற எல்லா வால்வும் பழுதான வால்வு அல்ல. அழுக்குச் சிக்கியதாலும் இறப்பர் தேய்ந்ததாலும் ஏற்படும் ஒழுக்கே அதிகம். இவை இரண்டையும் சிறிய செலவில் திருத்தலாம். அருவருப்பான வேலை என்று ஒருவரும் கிட்டப் போய்ப் பார்க்காததே ஒழுக்கு நீடிப்பதற்குக் காரணம். பார்க்கும் முறையையும் திருத்தும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சில துளிகள்தானே?

ஒரு செக்கனுக்கு ஒரு துளி வீதம் ஒழுகும் வால்விலிருந்து ஒரு நாளில் ஏறக்குறைய 4 லீற்றர் கழிவு வெளியேறும். அது ஒரே இடத்தில் விழுவதில்லை. பவுசர் போகும் வழி நெடுகிலும் விழுகிறது. பவுசரை இரவில் நிறுத்தி வைத்தால் அந்த இடத்திலேயே ஊறித் தேங்குகிறது.

மலக்கழிவில் வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல், செங்கண்மாரி முதலிய நோய்களின் கிருமிகள் இருக்கலாம். வட்டப்புழுவின் முட்டைகள் மண்ணில் பல மாதங்கள் உயிரோடு கிடக்கும். கொளுக்கிப்புழுவின் குடம்பிகள் வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் செல்லும். செருப்பில்லாமல் ஓடித் திரியும் பிள்ளைகளுக்கே இதனால் அதிக ஆபத்து.

நிலத்தின் தன்மையையும் கவனிக்க வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடியில் சுண்ணாம்புக்கல் உள்ளது. அதன் வெடிப்புகளுக்கூடாகத் தண்ணீர் விரைவாக இறங்கிக் கிணறுகளைச் சேரும். மணற் பாங்கான இடங்களிலும் கழிவு நெடுந்தூரம் வடிகட்டப்படாமல் செல்லக்கூடும். இதனாலேயே மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து குறைந்தது 30 மீற்றர் தள்ளி இருக்க வேண்டும் என்று அவசரகால உதவிப் பணிகளில் கூறப்படுகிறது. குழியைத் தூரத்தில் வெட்டிவிட்டு, அதன் கழிவைக் கிணற்றுக்குப் பக்கத்தால் ஒழுக ஒழுகக் கொண்டுபோனால் அந்தத் தூரத்தினால் பயன் இல்லை.

நெருக்கமாக வாழும் இடங்களில் இது எவ்வளவு பெரிய பிரச்சினை என்பதை எம்மிற் பலர் கண்டிருக்கிறோம். 2009 ஆம் ஆண்டில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்க வைக்கப்பட்ட செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில், அவ்வாண்டு ஓகஸ்ட் மாத மழையின்போது மலசலகூடக் குழிகள் நிரம்பி வழிந்தன. அந்த முகாம் 2012 இல் மூடப்பட்டுவிட்டது. எனினும் நெருக்கமான குடியிருப்பில் கழிவு வெளியே வந்தால் என்னவாகும் என்ற பாடம் எங்கும் பொருந்தும்.

வால்வு எப்படி மூடுகிறது?

கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தின் புட்வால்வை விவசாயிகளாகிய நாம் அறிவோம். அதன் வாயில் ஒரு சருகோ சிறு கல்லோ சிக்கினால் குழாயில் தண்ணீர் நிற்காது. வால்வைக் கழற்றி அந்தச் சருகை எடுத்ததும் பழையபடி வேலை செய்யும். அதற்காக யாரும் புதிய புட்வால்வு வாங்குவதில்லை. கழிவுப் பவுசரின் வால்வும் அப்படித்தான்.

இதில் பெரும்பாலும் இருப்பது தட்டு வால்வு. இரண்டு இரும்பு வளையங்களுக்கு நடுவே ஒரு தட்டையான தகடு, கைபிடியை இழுத்தால் திறக்கும், தள்ளினால் மூடும். தகட்டின் இருபுறமும் இறப்பர் வளையங்கள் உள்ளன. தகட்டின் நுனி உள்ளே ஒரு தவாளிப்பில் போய் இருக்கும்போதுதான் வால்வு முழுமையாக மூடுகிறது. அந்தத் தவாளிப்பில் மணலோ சீலைத் துண்டோ இருந்தால் தகடு இறுதிவரை போகாது. கைபிடி மூடியது போலத் தோன்றும். உள்ளே நூல் அளவு இடைவெளி இருக்கும்.

தாங்கியில் ஒரு மீற்றர் உயரத்துக்குக் கழிவு நின்றால், 4 அங்குல வால்வின் தகட்டை ஏறக்குறைய 8 கிலோ பாரம் எந்நேரமும் தள்ளிக்கொண்டிருக்கும். குன்றும் குழியுமான வீதியில் ஓடும்போது கழிவு அலைமோதுவதால் அது இன்னும் கூடும். ஆகவே சிறிய இடைவெளியும் போதும், கழிவு வெளியேறும்.

தொடுவதற்கு முன்னர்

எந்தத் திருத்த வேலைக்கும் முன்னர் பின்வருவனவற்றைக் கட்டாயமாகச் செய்ய வேண்டும்.

1. தாங்கியை உரிய இடத்தில் முற்றாக வெறுமையாக்கி, சுத்தமான தண்ணீரால் இரண்டு தடவையாவது அலசவும். அலசிய தண்ணீரையும் அதே இடத்திலேயே விடவும்.

2. சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வைக்கவும். உழவு இயந்திரத்தை நிறுத்திச் சாரதி திறப்பைத் தன் பையில் வைத்துக்கொள்ளட்டும்.

3. தாங்கியின் அமுக்கமானி பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்க்கவும். சில பவுசர்களில் கழிவை வெளியே தள்ளுவதற்குக் காற்றை உள்ளே அமுக்குவர். அந்தக் காற்று இருக்கும்போது போல்ற்றைக் கழற்றினால் கழிவு முகத்தில் அடிக்கும்.

4. நீண்ட இறப்பர்க் கையுறையும் இறப்பர்ப் பூட்சும் அணியவும். கண்ணுக்கும் வாய்க்கும் மறைப்பு வேண்டும். கையில் காயம் உள்ளவர் இவ்வேலையைச் செய்ய வேண்டாம்.

5. கிட்ட நின்று புகைபிடிக்கவோ நெருப்பு மூட்டவோ கூடாது. கழிவிலிருந்து வரும் வாயு தீப்பற்றக்கூடியது.

6. எக்காரணம் கொண்டும் தாங்கிக்குள் இறங்கக்கூடாது. தலையை உள்ளே விட்டும் பார்க்கக்கூடாது. கழிவிலிருந்து வரும் கூழ்முட்டை நாற்றமுள்ள வாயு சிறிது கூடினாலே மூக்கின் மணம் அறியும் சக்தியை மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் இல்லை, ஆகவே ஆபத்தும் இல்லை என்று இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்கிய மற்றவரும் மாண்டுபோவதே இத்தகைய விபத்துகளில் நிகழ்வது.

எந்த இடத்தில் ஒழுகுகிறது?

மருந்து கொடுக்குமுன் நோயை அறிய வேண்டும். வால்வில் மூன்று இடங்களில் ஒழுகலாம். வெளியேறும் வாயினூடாக வந்தால், தகடு சரியாக மூடவில்லை அல்லது இறப்பர் தேய்ந்துவிட்டது. கைபிடித் தண்டு உள்ளே போகும் இடத்தில் வந்தால், தண்டைச் சுற்றியுள்ள பக்கிங் தேய்ந்துவிட்டது. வால்வைத் தாங்கியுடன் இணைக்கும் வளையத்தைச் சுற்றி வந்தால், போல்ற் தளர்ந்துள்ளது அல்லது நடுவிலுள்ள வாசர் பழுது.

எல்லாம் ஒன்றாக நனைந்திருந்தால் இடத்தைக் கண்டுபிடிப்பது கடினம். அதற்கு இரண்டு இலகுவான சோதனைகள் உள்ளன.

முதலாவது, தண்ணீர்ச் சோதனை. அலசிய தாங்கியில் அரைவாசிக்குச் சுத்தமான தண்ணீர் விடவும். வால்வின் வெளிப்புறத்தைத் துணியால் நன்கு துடைத்து உலரவிட்டு, இணைப்புகளிலும் தண்டைச் சுற்றியும் உலர்ந்த சாம்பலைத் தூவவும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒழுகும் இடத்தில் சாம்பல் நனைந்து கறுத்திருக்கும். வால்வின் வாயின் கீழே ஒரு உலர்ந்த மட்டைத் துண்டை வைத்தால் அங்கும் துளி விழுகிறதா என்று தெரியும்.

இரண்டாவது, காற்றுச் சோதனை. தாங்கி வெறுமையாக இருக்கும்போது எல்லா வால்வுகளையும் மூடி, பம்பியை உறிஞ்சும் நிலையில் ஓடவிடவும். கழுவிய வால்வின் வாய்க்கு நேரே ஒரு மெல்லிய சொப்பிங் பையைப் பிடிக்கவும். பை உள்ளே இழுபட்டால் தகட்டினூடாகக் காற்றுப் போகிறது. தண்டிலும் இணைப்பிலும் சவர்க்கார நுரையைப் பூசினால், பழுதான இடத்தில் நுரை உள்ளே உறிஞ்சப்படும். பம்பியை நிறுத்திய பின் அமுக்கமானியின் முள் விரைவாகத் திரும்பி வருகிறது, ஆனால் பின்வால்வில் ஒன்றும் தெரியவில்லை என்றால், தாங்கியின் மேல் மூடியிலுள்ள இறப்பரைப் பார்க்கவும்.

இரண்டு சோதனைகளையும் செய்வது நல்லது. காற்று உறிஞ்சும்போது தகடு உட்புற இறப்பருடன் ஒட்டும். தண்ணீர் நிற்கும்போது வெளிப்புற இறப்பருடன் ஒட்டும். ஒரு சோதனையில் தப்பும் பழுது மற்றதில் பிடிபடும்.

திருத்தும் முறைகள்

வாயினூடாக ஒழுகினால்: முதலில் ஒன்றையும் கழற்ற வேண்டாம். கழிவு கொட்டும் இடத்தில் நிற்கும்போதே தாங்கியில் அரைவாசிக்குத் தண்ணீர் விட்டு, வால்வை முழுமையாகத் திறந்து சில செக்கன்கள் பாயவிட்டு மூடவும். இதை ஐந்தாறு தடவை செய்யவும். பாயும் தண்ணீர் தவாளிப்பிலுள்ள மணலையும் சீலையையும் அடித்துச் செல்லும். இதனாலேயே ஒழுக்கு நின்றுவிடலாம்.

நிற்காவிடில் கைபிடியைப் பார்க்கவும். இணைப்பு ஆணி தேய்ந்து, கைபிடி முழுத் தூரமும் போகாமல் இருக்கலாம். வால்வு நன்றாக மூடும் காலத்தில் தண்டில் ஒரு பெயின்ற் கோடு போட்டு வைத்தால், பின்னர் தகடு இறுதிவரை போகிறதா என்பதை ஒரு பார்வையிலேயே அறியலாம். கைபிடியில் இரும்புக் குழாயைச் செருகிப் பலமாக அழுத்தக்கூடாது. தகடு வளைந்தால் அந்த வால்வு பின்னர் உதவாது.

இவையும் சரியெனில் இறப்பரை மாற்ற வேண்டும். வால்வின் போல்ற்றுகளைக் கழற்றி, எந்தப் பக்கம் எந்தத் திசையில் இருந்தது என்று அடையாளம் இட்டு வெளியே எடுக்கவும். தவாளிப்பை ஒரு மரக்குச்சியால் சுத்தம் செய்யவும். இரும்பால் சுரண்டினால் கீறல் விழும். தகட்டின் விளிம்பில் பிசிறு இருந்தால் எமரிக் கடதாசியால் தேய்த்து அழுத்தமாக்கவும். அல்லாவிடில் புதிய இறப்பரையும் அது வெட்டிவிடும். பழைய இறப்பரைக் கழுவி மாதிரிக்குக் கடைக்குக் கொண்டுபோய் அதே அளவில் வாங்கவும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலும் இரண்டையும் மாற்றவும். எண்ணெய் தாங்காத இறப்பர், இயந்திரக் கிறீஸ் பட்டால் ஊதிவிடும். சிலிக்கன் கிறீஸ் இதற்கு ஏற்றது.

பூட்டும்போது போல்ற்றுகளை ஒவ்வொன்றாக இறுக்கி முடிக்காமல், எதிரெதிரானவற்றைச் சிறிது சிறிதாக மாறி மாறி இறுக்கவும். அதிகம் இறுக்கினால் தகடு அசையாது. பூட்டிய பின் தண்ணீர்ச் சோதனையைத் திரும்பச் செய்த பின்னரே பவுசரை வேலைக்கு விடவும்.

தண்டில் ஒழுகினால்: பக்கிங்கை அழுத்தும் நட்டுகளைக் கால் சுற்று வீதம் மாறி மாறி இறுக்கிப் பார்க்கவும். நிற்காவிடில் பழைய பக்கிங்கை எடுத்துவிட்டுப் புதியது போடவும்.

இணைப்பில் ஒழுகினால்: போல்ற்றுகளை எதிரெதிராக இறுக்கவும். வாசர் பழுதெனில் புதியது போடவும். அவசரத்துக்குப் பழைய ரியூப்பில் வெட்டிய வாசர் சில காலம் தாங்கும். தகட்டின் இறப்பருக்குப் பதிலாக ரியூப் துண்டைப் பயன்படுத்த முடியாது.

சில்லைச் சுற்றி மூடும் வால்வு இருந்தால், மூடாத நிலையில் பலமாக முறுக்க வேண்டாம். இரண்டு சுற்றுத் திறந்து, தண்ணீரைப் பாயவிட்டு, மீண்டும் மூடவும்.

தாங்கியிலோ ஒட்டிலோ வெடிப்பு இருந்தால் அது எமது வேலை அல்ல. திருத்துமிடத்துக்கே கொண்டு செல்ல வேண்டும். கழுவிக் காற்றோட்டம் விடாத தாங்கியில் ஒட்டு வேலை செய்தால் உள்ளிருக்கும் வாயு வெடிக்கக்கூடும். தாங்கி எதற்குப் பயன்பட்டது என்பதைத் திருத்துபவரிடம் சொல்லவும்.

இறப்பர் வாங்கும் வரை

திருத்தும் வரை பவுசரை நிறுத்தி வைக்க முடியாமல் இருக்கலாம். அப்போது வால்வின் வாய்க்கு இறுக்கமான மூடி போட்டே ஓட்டவும். ஆனால் மூடி ஒழுக்கை மறைக்கிறதேயன்றி நிறுத்தவில்லை. தகட்டுக்கும் மூடிக்கும் நடுவே கழிவு சேர்ந்திருக்கும். மூடியைத் திறக்கும்போது கீழே வாளி வைத்து, நேரே நிற்காமல் ஒரு பக்கமாக நின்று மெதுவாகத் திறக்கவும். தாங்கியை முழுதாக நிரப்பாமல் ஓட்டுவதும் தகட்டின் மீதான பாரத்தைக் குறைக்கும்.

சிந்திய கழிவை மண்வெட்டியால் மண்ணோடு எடுத்துக் குழியில் போட்டு மூடவும். அந்த இடத்துக்கும் கருவிகளுக்கும் குளோரீன் தூள் கரைத்த தண்ணீரைப் பயன்படுத்தலாம். ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி தூள் போதும். இதனை அமிலத்துடனோ வேறு கழுவும் திரவங்களுடனோ கலக்கக்கூடாது. நச்சு வாயு உண்டாகும். வேலை முடிந்ததும் சவர்க்காரம் இட்டுக் கைகளை நன்றாகக் கழுவிய பின்னரே தண்ணீர் குடிக்க வேண்டும்.

இன்னுமொன்று. ஒரு தடவை கழிவு ஏற்றிய தாங்கியில், எத்தனை தடவை கழுவினாலும், குடிதண்ணீர் ஏற்றக்கூடாது. தாங்கியின் இரு பக்கமும் "கழிவு" என்று பெரிதாக எழுதி வைப்பது நல்லது.

குடும்பங்கள் செய்ய வேண்டியது

வால்வில் சிக்கும் பொருள்கள் வானத்திலிருந்து விழுவதில்லை. பழைய சீலை, மாதவிடாய்த் துணி, பொலித்தீன், போத்தல் மூடி, தும்பு, கல் எல்லாம் நாம் குழியில் போட்டவை. இவற்றைப் போட ஒரு மூடியுள்ள வாளி மலசலகூடத்துக்கு அருகில் இருந்தால், பெண்களுக்கும் வசதி, குழியும் மெதுவாக நிரம்பும், வால்வும் நீடிக்கும். உறிஞ்சும் குழாயின் நுனியில் கம்பிச் சல்லடை பூட்டுவது சாரதியின் பொறுப்பு.

ஒழுகும் பவுசரைக் கண்டால் பேசாமல் இருக்கக் கூடாது. ஏசவும் தேவையில்லை. ஒரு தாய் சாரதியிடம் இப்படிச் சொல்லலாம்:

"தம்பி, பின்னால சொட்டுது. எங்கட கிணறு கிட்ட இருக்கு. ஒருக்கா வால்வைப் பாத்திட்டுப் போங்கோ."

அக்கறையுள்ள சாரதியின் பதில் இப்படி இருக்கும்:

"ஓமம்மா, உள்ளுக்க சீலை ஏதும் சிக்கியிருக்கும். இப்ப மூடியைப் போட்டுக்கொண்டு போறன். கொட்டிற இடத்தில கழுவிப் பாக்கிறன்."

சொல்லியும் திருத்தாவிடில் சங்கத்தின் மூலம் பிரதேச சபைக்கோ பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ திகதி, நேரம், ஒழுகிய இடம் என்பவற்றை எழுதிக் கொடுக்கலாம்.

அதேவேளை, இவ்வேலையைச் செய்பவர்களை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கையுறை இல்லாமல் வெறுங்கையோடு வால்வைத் துழாவும் மனிதரைக் கண்டு மூக்கைப் பொத்திக்கொண்டு விலகுகிறோம். கழுவுவதற்கு ஒரு வாளி தண்ணீரும் சவர்க்காரமும் கொடுப்பது பெரிய செலவல்ல. சங்கம் தனது பவுசரை வைத்திருந்தால், கையுறையும் பூட்சும் வாங்குவதை எண்ணெய்ச் செலவோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். வேலை செய்பவருக்குப் பாதுகாப்பு இருந்தால்தான் அவர் வால்வைக் கிட்டப் போய்ப் பார்ப்பார்.

நினைவில் வைக்க

ஒவ்வொரு முறையும்: கழிவைக் கொட்டிய பின் தண்ணீர் விட்டு வால்வைத் திறந்து மூடி அலசவும். புறப்படுமுன் பெயின்ற் கோட்டைப் பார்க்கவும்.

ஒவ்வொரு கிழமையும்: போல்ற், நட்டுகள், கைபிடி ஆணி ஆகியவற்றைப் பார்க்கவும்.

ஒவ்வொரு மாதமும்: தண்ணீர்ச் சோதனை, காற்றுச் சோதனை இரண்டையும் செய்து, திகதியை ஒரு கொப்பியில் எழுதவும்.

மாரி தொடங்குமுன்: இறப்பர்களைக் கழற்றிப் பார்க்கவும். மேலதிகமாக ஒரு சோடி இறப்பர் வாங்கி வைக்கவும். மழைக்காலத்தில் குழிகள் நிரம்பும், பவுசருக்கு ஓய்விருக்காது, கிணற்று நீரும் மேலே வந்திருக்கும். அந்த நேரத்தில் வால்வு ஒழுகாமல் இருக்க வேண்டுமானால் வெயில் காலத்திலேயே அதைக் கழற்றிப் பார்த்துவிட வேண்டும்.